மூட்டை முன்னால் போன பிரயாணம்

1

"மூட்டை காத்தாலயே பொறப்பட்டுப் போயிடுச்சே, அப்போ நாம மட்டும் ஏன் இங்கயே கீறோம்?"

அம்பத்தூர் ஸ்டேஷனில் ஒரு சின்னப் பெண் தன் அம்மாவைக் கேட்ட கேள்வி இது. பக்கத்து பெஞ்சில் நான் இருந்தேன். திருநின்றவூர்ப் பெருமாளைச் சேவிக்கப் போகிற எனக்கு அன்று வண்டி முக்கால் மணி தாமதம். அந்தப் பெண்ணின் விஷயத்தில் புதிர் ஒன்றும் கிடையாது. படுக்கை மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பா முந்தின வண்டியில் பட்டணம் போயிருந்தார். அம்மா "சும்மா இரு" என்றாள். குழந்தை சும்மா இருந்தது. என்னால்தான் இருக்க முடியவில்லை.

பெஞ்சில் யாரோ விட்டுப்போன நோட்டீஸ் ஒன்று கிடந்தது. குடும்பத்தோடு தூரப் பிரயாணம் போகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் எடுத்துக்கொள்வது நலம் என்று அதில் அச்சடித்திருந்தது. புறப்படுவதற்கு முன்பே! சரி, மனிதன் எப்போது புறப்படுகிறான்? மனசு போனபோதா, மூட்டை போனபோதா, ரயில் போனபோதா?

கதை பிறந்த விதம் இதுதான். இதில் வருகிற கம்பெனி நான் கட்டியது, தேடாதீர்கள். மனிதர்களும் நான் செய்தவர்கள்தான். ஆனால் அவர்களைத் தேடினால் கிடைப்பார்கள் என்று நம்புகிறேன். வருஷம் 1938 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் எழுதிய ஆரம்பம்: "தை மாதத்து வெயிலில் அம்பத்தூர் ஏரி தளதளவென்று—"

[அடித்துவிட்டேன். ஏரி இந்தக் கதைக்குத் துணி வெளுக்க மட்டும்தான் வேண்டும். அப்போது வந்தால் போதும்.]

இரண்டாவது ஆரம்பம்: "குடும்ப சகிதம் யாத்திரை செல்வோர் அவசியம் கவனிக்க வேண்டியவை யாவை எனில்—"

[இது அந்த நோட்டீஸ். என் பேனாவுக்கு வெட்கமே இல்லை.]

மூன்றாவது:

கங்காதரன் மூன்று மாதமாக ஒரு தோல் பையை எடுத்துக்கொண்டு அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நடந்துகொண்டிருந்தான். பையில் நாற்பது விண்ணப்ப பாரங்கள். நாற்பதும் காலி. பிரயாண இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு என்று சொன்னால் ஜனங்கள் அவனுக்கு மோர் கொடுத்து, நன்றாகப் பேசி, பொழுது போனதும் அனுப்பிவிட்டார்கள்.

இது நிற்கும் போலிருக்கிறது. மேலே போகிறேன்.

3

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவன் எத்திராஜ் வீட்டு வாசலுக்கு வந்தான். எத்திராஜுக்கு ஏரிக்கரையில் மூன்று காணி நஞ்சை. மனைவி தாட்சாயிணி. ஒரே பெண் ராணி, ஆறு வயது. சிவராத்திரிக்குக் காசியில் இருப்பதாகத் திட்டம், சனிக்கிழமை பிற்பகல் ரயில், டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

"இன்னா கங்காதரா," என்றார் எத்திராஜ், "என் உசுருக்கு வெல பேச வந்துட்டியா?"

"உசுருக்கு இல்ல அண்ணாத்தே, வழிக்கு. மூணு பேருக்கும் சேத்து ஒரே காயிதம். ஒண்ணரை ரூவா. கொழந்தைக்குத் தனியா காசு இல்ல."

"அத்த ரயில்ல ஏறச்சொல்லோ எடுத்துக்கறேன், போ."

"அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. ஏறினப்பறம் எடுக்க முடியாது. டிக்கெட்டு எடுத்த அன்னிக்கே எடுத்துடணும். இன்னிக்கு எடுத்தாலும் ஒண்ணரை ரூவா, கடைசி நேரத்துல எடுத்தாலும் ஒண்ணரை ரூவா. நடுவுல நாளைக்கே யாருக்காச்சும் ஜொரம் வந்து பயணம் நின்னுபோச்சுன்னு வெய்யி. டிக்கெட்டு காசு அம்பேல். முன்னாடியே எடுத்திருந்தா அத்த கம்பெனி குடுக்கும்."

எத்திராஜ் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாட்சாயிணி உள்ளேயிருந்து மோரோடு வந்தாள்.

"வேற இன்னா குடுக்கும்?"

"வழியில ஒடம்புக்கு வந்தா டாக்டர் காசு, மருந்து காசு. ரயிலு மோதி கையி காலு—"

"வாயக் கழுவு," என்றாள் தாட்சாயிணி.

"கழுவிட்டேன் அண்ணி. பொட்டி, மூட்டை காணாபூட்டா அதுக்குக் காசு. ஊர்ல பெரியவங்களுக்கு எதுனா ஆயி, தந்தி வந்து, பாதி வழியில திரும்பினா திரும்பற சார்ஜு."

"கங்கையில வுழுந்தா?"

"குளிக்க வுழுந்தா இல்ல அண்ணாத்தே. தவறி வுழுந்தா உண்டு."

"காசியில செத்தா மோட்சம்யா! அதுக்கு நஷ்டஈடு வேற குடுக்குதா ஒங் கம்பெனி?"

கங்காதரன் சிரித்தான். பிறகு, நியாயமாக, எதற்கெல்லாம் கிடையாது என்பதையும் சொன்னான். ஏற்கெனவே உள்ள நோவுக்குக் கிடையாது. கழுத்தில் போட்டுக்கொண்டு போகிற நகைக்குக் கிடையாது. சண்டை போட்டு அடி வாங்கினால் கிடையாது.

"அப்போ இவுருக்கு ஒண்ணுமே வராது," என்றாள் தாட்சாயிணி. "போர்ட்டராண்ட சண்ட போடாம இவுரு எந்த ரயிலும் ஏறினதில்ல."

அதற்கப்புறம் அவள் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ராணி விஷஜுரம் கண்டு பதினெட்டு நாள் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். அப்போது தாட்சாயிணி காசி அன்னபூரணிக்கு ஒரு பட்டுப்புடவை வேண்டிக்கொண்டாள். அன்று முதல் ஸ்டேஷன் குவார்ட்டர்ஸுக்குத் தயிர் ஊற்றிச் சேர்த்த காசில் தாமரை நிறத்தில் ஒன்று வாங்கியிருந்தாள்.

"என் பொடவைக்கு எதுனா ஆச்சுன்னா, தம்பி?"

"முழு காசு அண்ணி. நீங்க இதுல கையெழுத்து வெச்ச நிமிஷத்திலேர்ந்து அந்தப் பொடவைக்கு நான் ஜவாப்தாரி."

[கம்பெனி ஜவாப்தாரி என்று அவன் சொல்வதாகத்தான் நினைத்திருந்தேன். பேச்சு வேகத்தில் அவன் 'நான்' என்றுவிட்டான். திருத்தப் போனேன், மனசு வரவில்லை. இருக்கட்டும்.]

எத்திராஜ் கையெழுத்துப் போட்டார். கங்காதரன் மற்ற இடங்களைப் பூர்த்தி செய்தான். பிரயாணம் ஆரம்பிக்கும் தேதி என்ற இடத்துக்கு வந்தபோது ராணி அவன் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"மாமா, மூட்டை காத்தாலயே பொறப்பட்டுப் போயிடுச்சு. பூங்காவனம் அத்த ஊட்டாண்ட கீது. நாங்கதான் இன்னும் போவல."

எல்லோரும் சிரித்தார்கள். கங்காதரனும் சிரித்துக்கொண்டே 'சனிக்கிழமை' என்று எழுதினான்.

4

இங்கே ஒரு நிமிஷம். வழக்கம் தெரியாத வாசகர்களுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை கிழக்கே சூலம், அந்தத் திசையில் புறப்படக்கூடாது. அம்பத்தூரிலிருந்து பட்டணம் போகிற ரயிலோ நேர் கிழக்கே ஓடுகிறது. டிக்கெட்டை மாற்றினால் சிவராத்திரி தவறிவிடும். இப்படி நாளும் ரயிலும் ஒத்துக்கொள்ளாதபோது நம்மவர்கள் செய்கிற உபாயம் பரஸ்தானம். நல்ல நாளில், நல்ல வேளையில், போகிற துணிகளில் கொஞ்சத்தை ஒரு துண்டு மஞ்சள் கிழங்கோடு கட்டி அந்தத் திசையில் இருக்கிற வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. அந்த நிமிஷமே பிரயாணம் ஆரம்பமாகிவிட்டது. பிறகு எந்தக் கிழமையில் காலை எடுத்து வைத்தாலும் அது பாதிவழி நடைதான், புறப்பாடு ஆகாது. எத்திராஜ் வீட்டு மூட்டை அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே கீழண்டை வீட்டுப் பூங்காவனத்திடம் போய்விட்டது. புடவை அதற்குள், எத்திராஜின் வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்தது.

இப்போது கங்காதரன்மேல் எனக்கு ஒரு சந்தேகம். அவன் வீட்டிலும் பரஸ்தானம் வைக்கிற வழக்கம் உண்டு. குழந்தை வேறு சொல்லிவிட்டது. தெரிந்துகொண்டே ஏன் சனிக்கிழமை என்று எழுதினான்? பேராசைக்காரனாக அவனை ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன்; சட்டை அவனுக்குப் பொருந்தவில்லை. சூழ்ச்சிக்காரனாக அரைப் பக்கம், அதுவும் சரிவரவில்லை. கடைசியில் புரிந்தது. பாரத்தில் தேதிக்கு ஒரு கோடுதான் இருந்தது. மூட்டைக்கு ஒரு தேதி, மனிதர்களுக்கு ஒரு தேதி என்று எழுத அங்கே இடமில்லை. மூன்று மாதம் கழித்துக் கிடைத்த முதல் கையெழுத்து, மை காய்வதற்குள் அதைக் கெடுத்துக்கொள்ள அவனுக்குப் பயம். நாம் எல்லோரும் செய்கிற தப்புகள் இந்த அளவில்தான் இருக்கின்றன. ஆண்டவன் இதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கமாட்டான். ஆனால் எழுதி வைத்திருப்பான்.

5

[ஏரி இப்போது வரலாம்.]

அதே வாரம் தெருவில் ஒரு கல்யாணம். ஊருக்குத் துணி வெளுக்கிற வேம்புலிக்குக் கழுதை சுமக்கிற அளவுக்குத் துணி. வியாழக்கிழமை மத்தியானம் பூங்காவனம் கல்யாண வீட்டுக்கு அரிசி புடைக்கப் போயிருந்தாள். எப்போதும் அழுக்குத்துணி மூட்டை வைக்கிற இடத்தில், கதவுக்குப் பின்னால், பரஸ்தான மூட்டையையும் வைத்திருந்தாள். வேம்புலி வந்தான். வழக்கம்போல இரண்டு மூட்டையையும் எடுத்துக்கொண்டு போனான். அவன் மனைவி முனியம்மா முடிச்சை அவிழ்த்து, மேலே தெரிந்த வேட்டியைப் பார்த்து, உள்ளே இருப்பதைப் பார்க்காமல், கல்யாண வீட்டு வேட்டிகளோடு உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவியில் அடுக்கிவிட்டாள். துணிகள் விடிய விடிய வெந்தன.

ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். உவர்மண் சேர்ந்தாலும் அதுதான் ஆகும். மூட்டைக்குள் மஞ்சள் துண்டு இருந்ததல்லவா?

வெள்ளிக்கிழமை காலை வேம்புலி எத்திராஜ் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் தாமரைப்பட்டு. பட்டு என்று சொல்வது மரியாதைக்காக. பளபளப்பு போய், சுருங்கி, சரிகை கறுத்து, வெந்த கீரைபோல் இருந்தது.

"அம்மா, கண்ணு அவிஞ்ச வேல பண்ணிட்டம்மா. கல்யாண ஊட்டு வேட்டி பதினாறும் செவந்துபோச்சு."

"மாப்ள வேட்டியுமாய்யா?" என்றார் எத்திராஜ்.

"மாப்ள வேட்டிதான் நைனா ரொம்பச் செவப்பு."

எத்திராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாட்சாயிணியின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டார். அவள் புடவையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மடிப்பு கலையாமல் மடிக்கப் பார்த்தாள். அது மடியவில்லை.

"ஒம்மேல தப்பில்ல வேம்புலி, போய் அந்த வேட்டிங்களப் பாரு," என்றாள். பிறகு கணவரிடம், "நீங்களும் கொழந்தையும் போய்ட்டு வாங்க. வெறுங்கையோட அவ முன்னாடி நின்னு நான் இன்னா சொல்லுவேன்? நான் வரல," என்றாள்.

கங்காதரனுக்கு ஆள் போயிற்று. வந்து பார்த்தான்.

"ஒன்ன நான் ஒண்ணும் சொல்லல தம்பி," என்றாள் தாட்சாயிணி. "ஒங் கம்பெனியக் கேட்டுட்டு வா."

6

பாரிமுனையில், மாடியில், கம்பெனி ஆபீஸ். மானேஜர் ஜானகிராமன். இவரைக் கெட்டவராக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கங்காதரன் உள்ளே வந்ததும் அவர் எழுந்து "முதல் பாலிசி! சபாஷ்!" என்று கை கொடுத்து, காபி வாங்கி வரச் சொல்லிவிட்டார். அதற்குமேல் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

கங்காதரன் ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் பாரத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"பிரயாணம் எப்போ ஆரம்பம்ங்கறீர்?"

"வியாழக்கெழமை காத்தால ஏழு மணிக்கு சார். மூட்டை வெச்ச நேரம்."

"பாலிசி?"

"அன்னிக்கே பதினோரு மணி."

"ஆரம்பிச்சுட்ட பிரயாணத்துக்குப் பாலிசி கிடையாதேய்யா. மூணு பேருக்கும் சேர்த்துச் செல்லாது. ரத்து பண்ணிடட்டுமா?"

"ஐயோ வேணாம் சார்! கொழந்த போவுது. சனிக்கெழமைன்னே வெச்சுக்குங்க, பாரத்துல கீறாப்போல."

"சனிக்கிழமைன்னா மூட்டை இன்னும் கிளம்பவே இல்லை. அடுத்த வீட்டுல கிடந்த துணி. ஊர்ல கிடக்கிற துணிக்கெல்லாம் நாம எங்கே பொறுப்பு?"

"மூட்டை மட்டும் வியாழக்கெழமை, ஆளுங்க சனிக்கெழமைன்னா?"

ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நன்றாகச் சிரித்தார். "எங்க வீட்டுலயும் பரஸ்தானம் வைப்பா. ஆனா இந்த ரூலை எழுதினவன் லண்டன்காரன். அவனுக்கு சூலம் கிடையாது. வேணும்னா துணி வெளுத்தவர்மேல பிராது கொடுக்கச் சொல்லும்."

"அவரு தெரிஞ்சா பண்ணாரு சார்?"

"அப்போ இப்படியே விடும். ஜனங்களுக்குப் பாலிசி உண்டு. புடவைக்கு இல்லை."

அதுதான் நியாயம் என்று கங்காதரனுக்கும் தெரிந்தது. எந்தக் கிழமையைப் பிடித்தாலும் புடவை வெளியே நின்றது. சனிக்கிழமையை விட்டுவிட்டால் ராணிக்கு வழியில் ஜுரம் வந்தால்கூட வைத்தியச் செலவு கிடையாது. காபியைக் குடித்துவிட்டுக் கும்பிட்டு வந்தான்.

படியிறங்கும்போது அவன் உள்பையில் இருபத்திரண்டு ரூபாய் இருந்தது.

[இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். பட்டணம் வந்ததோடு மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய சைக்கிள் பார்த்துவிடலாம் என்று அவன் எடுத்து வந்த பணம். வீட்டு டியூஷன் சொல்லிக் கொடுத்து இரண்டு வருஷமாகச் சேர்த்தது. நான் சொல்ல மறந்ததற்கு அவன்மேல் சந்தேகப்படாதீர்கள்.]

மூர் மார்க்கெட் வலது பக்கம். அவன் இடது பக்கம் திரும்பினான். ஜவுளிக்கடையில் மாந்துளிர் நிறத்தில் ஒரு பட்டு இருந்தது. இருபத்தொரு ரூபாய். "திங்கக்கிழமை வரைக்கும் மடிப்பு கலையாம கொண்டாந்தா திருப்பி எடுத்துக்கறேன்," என்றார் கடைக்காரர், அவன் ஏஜெண்டு என்று தெரிந்ததும், தொழில் மரியாதையாக.

7

இனிமேல்தான் எனக்குக் கஷ்டம்.

ஒரு முடிவு எழுதினேன். கங்காதரன் நேராகப் போய், "அண்ணி, கம்பெனி குடுத்துச்சு," என்று புடவையை நீட்டுகிறான். தாட்சாயிணி கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அழகாகத்தான் இருந்தது. சுவாமி படத்துக்கு முன்னால் படித்துப் பார்த்தேன். நாக்கு ஓரிடத்தில் இடறியது. பொய். நல்ல பொய்தான். ஆனால் தாட்சாயிணி வாய் சும்மா இருக்குமா? பரஸ்தான மூட்டைக்கும் கம்பெனி பணம் கொடுக்கிறது என்று தயிர் ஊற்றுகிற வீட்டிலெல்லாம் சொல்வாள். அதை நம்பி நாற்பது பேர் கையெழுத்துப் போடுவார்கள். நாற்பது மூட்டைகள் கதவுக்குப் பின்னால் காத்திருக்கும். கிழித்துவிட்டேன்.

இன்னொரு முடிவு. உள்ளதைச் சொல்கிறான்: "என் காசு அண்ணி." அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். "நடந்து நடந்து ஒன் காலு தேஞ்சுபோச்சு. போய் சைக்கிள வாங்கு. நான் அடுத்த வருசம் போறேன்." அவள் அப்படிப்பட்டவள். கதை அங்கேயே ரயிலைத் தவறவிட்டுவிடும்.

பொய்யும் வேண்டாம், உண்மையும் சொல்ல முடியாது. பேசாமல் இருப்பது ஒன்றுதான் மிச்சம். பேச்சே பிழைப்பான ஒருவனுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கிறேன்.

நடந்தது இவ்வளவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்து, "பொடவைக்குக் கம்பெனி குடுக்காதாம் அண்ணி. ஆனா மூணு பேருக்கும் பாலிசி கீது. நீங்க வந்தாலும் வராட்டியும்," என்று மட்டும் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். அதற்குள் எத்திராஜுக்கும் குழந்தைக்கும் வேறு துணி கட்டி, புது மஞ்சள் வைத்து, பூங்காவனம் வீட்டில் மறுபடி மூட்டை வைத்தாயிற்று. இந்தமுறை கதவுக்குப் பின்னால் அல்ல; உள்ளே, நெல் குதிருக்குப் பக்கத்தில். சனிக்கிழமை ஒரு மணிக்கு எத்திராஜும் ராணியும் வழியனுப்ப வருகிற தாட்சாயிணியும் அங்கே போய் அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பார்கள்.

அவள் பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டாளா, ஏறினாளா என்று என்னைக் கேட்காதீர்கள். இத்தனை பக்கம் அவளோடு இருந்துவிட்டீர்கள். என் அளவுக்கு உங்களுக்கும் அவளைத் தெரியும். நீங்களே ஏற்றிவிடுங்கள், அல்லது நிறுத்திவிடுங்கள். ஏற்றினால் ஜன்னலோரம் இடம் கொடுங்கள். போர்ட்டரோடு சண்டை வராமல் எத்திராஜையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் பாக்கி இருப்பது சனிக்கிழமை காலை மட்டும்.

8

காலை ஒன்பது மணிக்குப் பூங்காவனம் தண்ணீருக்குப் போனாள். கல்யாண வீட்டில் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. தெருவே அங்கே இருந்தது. கங்காதரன் திறந்த கதவைத் தாண்டி உள்ளே வந்தான். தோல் பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். கையில் புடவைப் பொட்டலம் மட்டும்.

குதிருக்குப் பக்கத்தில் மூட்டை இருந்தது. முடிச்சுக்குக் கீழே, எடுக்கிறவர் கண்ணில் கரை படும்படி, புடவையைச் செருகிவிட்டுப் போவதாக எண்ணம். குனிந்தவன் அப்படியே நின்றான்.

முடிச்சுக்குக் கீழே ஏற்கெனவே ஒரு புடவை செருகியிருந்தது.

பட்டு இல்லை. புதிய நூல் புடவை, அரக்குச் சிவப்பு. முனையில் மஞ்சள் தடவி, கரை தெரியும்படி மடித்து வைத்திருந்தது. யார் வைத்தது? எடுத்துப் போன வேம்புலியா, பார்க்காமல் அவிழ்த்த முனியம்மாவா, கதவுக்குப் பின்னால் வைத்த பூங்காவனமா? அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் வைத்தவர் யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் வைத்தார். நான் சொல்லுவது நன்றாயிருக்காது.

மேளம் நின்று மறுபடி ஆரம்பித்தது. கங்காதரன் யோசித்தான். அன்னபூரணி நூல் புடவையை வேண்டாம் என்று சொல்கிறவள் இல்லை. தாட்சாயிணி வெறுங்கையோடு நிற்க வேண்டாம். அவள் போவதற்கு இது போதும். கையில் இருக்கிற பொட்டலம் மடிப்பு கலையாமல் இருக்கிறது. கடைக்காரர் திங்கட்கிழமை வரை என்று சொல்லியிருக்கிறார். யாரும் இவனை ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனியும் கேட்கவில்லை. அந்த 'நான்' காற்றில் சொன்ன சொல். எந்தப் பாரத்திலும் இல்லை.

இன்னொருவர் தம் பங்கைத் தீர்த்துவிட்டுப் போயிருந்தார். அதனால் இவன் பங்கு தீர்ந்ததா?

அவன் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தான். [இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். சாட்சி வேண்டாம் என்று வந்தவனை எழுதுகிறவர் மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது முறையில்லை. தயவுசெய்து நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம்—]

நான் திரும்பிப் பார்த்தபோது அவன் ஆவடி ரோட்டில் போய்க்கொண்டிருந்தான், இரண்டு கைகளையும் நன்றாக வீசிக்கொண்டு.